ஒன்றுக்கு மட்டும் என்ன விலை?

தண்ணீர் குடியுங்கள், சர்வேயர் சார். அந்தக் கண்ணாடி டம்ளர் எங்கள் கடைச் சரக்கு. அதற்கு ஜோடி ஒன்று சமையலறையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் ஒற்றையாக இருக்காது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வருகிறவர் வாசலில் நிற்கும் இரண்டு கார்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்திருந்தேன். நீங்கள் குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தீர்கள். பிறகு முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டே, "ரெண்டும் ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே கலர். இந்த வண்டிக்கு மட்டும் ஏன் சார் பிரேக் மாத்தினீங்க?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் குடும்பத்தை அறிந்த எவரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுவிட்ட மனிதரிடம் மழுப்புவது மரியாதையில்லை. பக்கத்து அறைக் கதவு சாத்தித்தான் இருக்கிறது. உட்காருங்கள், சொல்கிறேன்.

அந்த அறையில் கழுத்துப் பட்டையோடு படுத்திருப்பவர் என் மாமனார். கண்ணாடி, பீங்கான் சாமான் மொத்த வியாபாரம். கடையில் எதை வாங்கினாலும் அவர் வாயில் வரும் முதல் கேள்வி, "ரெண்டா எடுத்தா என்ன வெலை?" செருப்பிலிருந்து குளிர்பெட்டி வரைக்கும் அதே கேள்விதான். அவருக்கு இரண்டு பெண்கள். இரண்டு கல்யாணத்தையும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில், ஒரே போட்டோக்காரரை வைத்து முடித்தார். மூத்தவளுக்கு நான். இளையவளுக்கு என் சகலை. ஆல்பத்தைப் பார்த்தால் யார் யாருக்கு மாப்பிள்ளை என்று கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. எனக்குத் தூரப்பார்வை மங்கியது. மூக்குக்கண்ணாடிக் கடையில் மாமா கேட்டார்: "ரெண்டா எடுத்தா?" கடைக்காரர் குறைத்தார். சகலைக்குக் கழுகுப் பார்வை. ஆனாலும் அன்றிலிருந்து அவரும் கண்ணாடி போடுகிறார். வெறும் கண்ணாடிதான், பவர் இல்லை. "போட்டா மரியாதையா இருக்கு சகலை" என்று என்னிடமே சொன்னார். அப்படிப்பட்ட மனிதர். கோபித்துக்கொள்ளவும் இடம் தரமாட்டார்.

வண்டியும் அப்படி வந்ததுதான். சின்ன வண்டி, வீட்டு வண்டி, சாம்பல் நிறம், மாடலிலேயே அடிமட்டம், ஏர்பேக் கிடையாது. இரண்டாக எடுத்ததில் மாமா அடித்துப் பேசிய பேச்சில், விற்பனையாளர் கடைசியில் தரைவிரிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து சர்வீஸ் இரண்டுக்கும் ஒரே நாள். டயர் ஒரே நாள். ஒரு வண்டிக்கு விளக்கு பியூஸ் போனால் மற்றதற்கும் நல்ல விளக்கைக் கழற்றிப் புதிதாகப் போடுவோம்.

உலகத்தில் மாமாவால் இரண்டாக வாங்க முடியாத பொருள் ஒன்றே ஒன்று. கடையின் கல்லா நாற்காலி.

வயதாகிவிட்டது, உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கிறது, யாராவது ஒருவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று அவரே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தார். நான் மூத்த மாப்பிள்ளை. கணக்குப் படித்தவன். யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாமா சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "படிப்பெல்லாம் இருக்கட்டும். இது ஒடையற சாமான் யாவாரம். இத்தனை வருஷத்துல நான் ஒரு கப்பு ஒடைச்சதில்ல. கல்லாவுல உக்கார்றவனுக்கு நிதானம் வேணும். பாக்கறேன். ரெண்டு பேரையும் பாக்கறேன்."

சொல்லிவிட்டுச் சகலையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஆனால் சகலையைப் பார்த்த பார்வை கொஞ்சம் நீளம். நான் அதை அளந்தேன்.

நிதானம் என்று வந்துவிட்டால் சகலையின் குறை எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு வழி நினைவில் நிற்காது. பிறந்து வளர்ந்த ஊரில் நாலு தெரு தாண்டினால் தொலைந்துபோவார். அதனால் எங்கே போனாலும் என் வண்டிக்குப் பின்னாலேயே வருவார். பின்னாலேயே என்றால், ஒரு சைக்கிள் குறுக்கே நுழைய இடம் இருக்காது. கண்ணாடியில் பார்த்தால் அவர் மீசையைச் சீவியது தெரியும். "கொஞ்சம் தள்ளி வாங்களேன்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "நடுவுல எவனாவது பூந்துட்டா நான் காணாமப் போயிருவேன் சகலை" என்பார்.

மாமா இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். அவ்வளவுதான். என் வண்டியின் பின்சீட்டில் மாமா உட்கார்ந்திருக்கும்போது சகலை பின்னாலிருந்து ஒரு சின்ன இடி இடித்தால், நிதானம் யாரிடம் இருக்கிறது என்பது வாய் வார்த்தை இல்லாமல் விளங்கிவிடும். பம்பர் நசுங்கும். ஆட்கள் நசுங்கமாட்டார்கள். அதோடு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, சார்: பின்னால் வந்து இடித்தவன்மேல்தான் தப்பு. முன்னால் போகிறவன் எதற்காக நிறுத்தினான் என்று யாரும் கேட்பதில்லை. சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி அது.

இரண்டு மூன்று முறை முயன்று பார்த்தேன். மாமாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, நேராகப் போகும் சாலையில் சட்டென்று மிதித்தேன். என் வண்டி கிறீச்சிட்டு நின்றது. சகலையின் வண்டியும் கிறீச்சிட்டு, ஒரு சாண் இடைவெளியில் நின்றது. ஒவ்வொரு முறையும். கடைசி முறை அவர் இறங்கி வந்து ஜன்னலில் தட்டினார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன்.

"நல்லவேளை சகலை," என்றார் சிரித்துக்கொண்டே. "நம்ம ரெண்டு வண்டிக்கும் ஒரே பிரேக்கு. நீங்க நின்னா நான் நின்னுருவேன்."

பின்சீட்டில் மாமா, "பாத்தீங்களா? ரெண்டா எடுத்ததுல இப்படி ஒரு சவுகரியம் இருக்கு" என்றார்.

யோசனையைச் சொன்னது நான் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருவரும்தான்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனேன். எங்கள் இரண்டு வண்டிகளையும் குழந்தையிலிருந்து பார்ப்பவர். முன்சக்கரத்துக்குப் பெரிய டிஸ்க், நல்ல பேட், பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றி அங்கேயும் டிஸ்க், கம்பி பின்னிய ஹோஸ், புது பிரேக் ஆயில் என்று கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர்ணே. இன்னொரு வண்டி எப்ப வருது?"

"வரலை. இது மட்டும்தான்."

"ரெண்டுக்கும் சேத்துப் போட்டா நல்லா கொறைச்சுத் தரேன்ணே. உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் திட்டுவாரு."

"ஒண்ணுக்கு மட்டும் என்ன வெலை?"

ஸ்பானரைக் கீழே வைத்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார்.

நீங்கள் கேட்டது சரியான இடம், சார். என் வாழ்க்கையில் அன்றுதான் ஒன்றுக்கு மட்டும் விலை கேட்டேன். அவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். கெட்ட எண்ணம் உள்ளவன் இவ்வளவு செலவு செய்வானா? கதைகளில் பாருங்கள், கொடியவன் பிரேக்கை அறுப்பான். காசு செலவழித்து பிரேக்கை நல்லதாக்கியவனை யாராவது எங்கேயாவது பிடித்திருக்கிறார்களா?

மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார். "பிரேக்கு சக்கரத்தைத்தாண்ணே நிறுத்தும். வண்டிய நிறுத்துறது டயரு. அதையும் மாத்துங்க." நல்ல யோசனை என்று நாலு டயரையும் மாற்றினேன். பழைய டயர்கள் கொஞ்சம் வழுவழுப்பாக இருந்தாலும் தூக்கி எறிய மனமில்லை. நல்ல பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கி, சகலையின் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். தன் டயர்களைக் கழற்றி வைத்துவிட்டு அன்றே அவற்றை மாட்டிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "உங்க வண்டியில ஓடின டயர்ல நான் ஓடறது எனக்குப் பெருமை சகலை" என்றார். பிரேக் மாற்றியதை அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

ஆனால் பிரேக்கை மிதித்தால் எரியும் என் வண்டியின் பின்விளக்குகளில் கை வைக்கவில்லை. நீங்களே சோதித்துப் பார்த்தீர்கள், இரண்டும் பளிச்சென்று எரிகின்றன. எதற்கும் ஒரு நேர்மை வேண்டும்.

புது பிரேக் பழக வேண்டும் இல்லையா? காலியான சாலையில் பின்சீட்டில் ஒரு பெட்டி தேநீர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டு பழகினேன். மிதித்தால் வண்டி நிற்பதில்லை சார், தரையில் ஆணி அடித்தாற்போல் ஆகிறது. கோப்பைகள் முன்சீட்டுக்கு வந்துவிட்டன. என் மனைவி ஒருமுறை கூட வந்தாள். இறங்கும்போது, "என்னங்க இது, பிரேக்கைப் புடிச்சா பின்னாடி விட்டுட்டு வந்த உசிரு பத்து நிமிஷம் கழிச்சுத்தான் வந்து சேருது" என்றாள். கண்ணில் பட்ட கோப்பைத் துண்டுகளைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருக்கும்போதுதான் நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு அந்தத் தொங்குவிளக்கு வந்தது. ஒரு ஓட்டலின் வரவேற்புக் கூடத்துக்கு மாமா பிடித்த ஆர்டர். கடையின் பெயரே அந்தக் கூரையில் தொங்கப்போகிறது என்று அவருக்கு ஒரே பூரிப்பு. சரம் சரமாகக் கண்ணாடிக் குச்சங்கள், நடுவில் பூசணிக்காய் அளவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். திட்டம் இதுதான்: விளக்குப் பெட்டிகள் சகலையின் வண்டியில், மாமா என் வண்டியில், நான் முன்னால். ரவுண்டானா தாண்டியதும் ஒரு நேரான சாலை, ஒரு பக்கம் மதில், ஆள் நடமாட்டம் இல்லை. இடத்தைப் பலமுறை பார்த்து வைத்திருந்தேன். ஒரு மிதி. விளக்கு போகும். கூடவே சின்ன மாப்பிள்ளையின் நிதானமும் போகும்.

கிளம்பும் நேரத்தில் என் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா கிண்ணத்தை மார்போடு அணைத்தபடி வந்தார். என்னைத் தாண்டிப் போனார்.

"மாமா, இங்க..."

"வேண்டாம் மாப்பிள்ளை. உங்க வண்டியில ஏறினா இப்பல்லாம் தலை தனியா ஆடுது. நான் சின்னவர் வண்டியில வரேன். இந்தக் கிண்ணத்தை நானே மடியில வெச்சுக்கறேன், எவனையும் நம்ப முடியாது."

முன்சீட்டில் ஏறினார். கிண்ணத்தின் மேல் பெல்ட் அழுத்தும் என்று பெல்ட்டைப் போடவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் நினைத்தேன். ரவுண்டானா வரும் வரைக்கும் அதைத்தான் நினைத்தேன். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. ஆனால் இன்னொரு தொங்குவிளக்கு எப்போது வரும்? அதைவிட முக்கியமாக, சார், அந்த பிரேக் தள்ளுபடி இல்லாமல் வாங்கிய பொருள். வாங்கிய வேலைக்கு அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. வியாபாரக் குடும்பத்தில் பெண்ணெடுத்தவனுக்குத்தான் இது புரியும்.

மிதித்தேன்.

என் வண்டி நின்றது. மிக அழகாக நின்றது. மெக்கானிக்கை மெச்ச வேண்டும். சகலையின் வண்டி, என் பழைய டயர்களில் வழுக்கிக்கொண்டு, நின்று விடலாம் என்று கடைசிவரை நம்பியபடி வந்து மோதியது.

பெட்டிகளில் இருந்த குச்சங்கள் எல்லாம் போயின. கிண்ணம் மட்டும் உடையவில்லை. மாமா அதைக் கைவிடவில்லை. முன்னால் பாய்ந்தபோதும் அதை மேலே தூக்கிப் பிடித்து, மணிக்கட்டையும் கழுத்தையும் முகத்தையும் அதற்குத் தடுப்பாகக் கொடுத்திருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கிண்ணத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குள் அவருடைய முன்பற்கள் இரண்டு கிடந்தன. ஜோடியாகத்தான்.

சகலை இறங்கி நடுரோட்டில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தப்பு என்மேலதான். நான்தான் தள்ளி வந்திருக்கணும். தப்பு என்மேலதான்." கூட்டத்திடம் சொன்னார். போலீஸ்காரரிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண்ணிடம், அவள் கேட்காமலே சொன்னார். நினைத்ததைவிட நன்றாகவே நடக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி. நான் என் பங்குக்கு, குறுக்கே பூனை ஓடியது என்றேன்.

பூனை விஷயத்தில்தான் கொஞ்சம் சறுக்கிவிட்டது. அன்று ராத்திரி என் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பூனை என்ன நெறம்?"

"கறுப்பு."

"போலீஸ்காரர்கிட்ட வெள்ளைன்னீங்களாமே."

"பதட்டத்துல எதையோ சொல்லியிருப்பேன்."

"இல்லிங்க, பூனையையும் ரெண்டா எடுத்திட்டீங்களோன்னு கேட்டேன்." மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் அவசியத்துக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

மாமாவுக்கு நினைவு தெளிந்ததும் முதலில் பல் டாக்டரிடம், "ரெண்டு பல்லுக்கும் சேத்து என்ன கொறைப்பீங்க?" என்று கேட்டார். சரி, ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் மூச்சுவிட்டோம். அடுத்தபடியாக எங்கள் இருவரையும் கட்டிலருகே கூப்பிட்டார். தலையணைக்கு அடியிலிருந்து கடைச் சாவியை எடுத்தார். கையை நீட்டினேன். மூத்தவன் என்ற முறையில்.

சாவியைச் சகலையின் கையில் வைத்தார்.

"மாமா, இடிச்சது அவர்," என்று எடுத்துச் சொன்னேன். மென்மையாகத்தான் சொன்னேன்.

"தெரியும் மாப்பிள்ளை." பல் இல்லாத இடத்தில் காற்று விசிலடித்தது. "கண்ணாடிக் கடையில எவன் கையிலயும் சாமான் ஒடையும். படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன். ஒடைக்காதவன் எனக்கு வேணாம். ஒடைச்சா, 'நான்தான் ஒடைச்சேன்'னு சொல்றவன் வேணும். சின்னவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. ஒத்துக்கிட்டாரு. நீங்க பூனைன்னீங்க."

சகலை சாவியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதார். என் தோளில்தான் சாய்ந்து அழுதார்.

அன்றிலிருந்து நான் ஒரு விஷயத்தை நிதானமாக யோசித்துவருகிறேன், சார். சகலை ஒத்துக்கொண்டது எதை? அவர் செய்யாத தப்பை. ஒரே பிரேக் இருந்திருந்தால் அவர் ஒரு சாண் இடைவெளியில் நின்றிருப்பார். ஆக அவர் சொன்னது பொய். மாமா அதை நம்பிக் கல்லாவை ஒரு பொய்யின்மேல் தூக்கி வைத்திருக்கிறார். இதை எப்படி எடுத்துச் சொல்வது, யார் மூலமாகச் சொன்னால் எடுபடும் என்று இருந்தேன். நீங்கள் வந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தீர்கள்.

நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். பூனை இல்லை. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. சாலை துடைத்து வைத்தாற்போலக் காலியாக இருந்தது. கண்ணாடியில் மாமா தெரிந்தார். மடியில் கிண்ணம் தெரிந்தது. தோளில் பெல்ட் தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் மிதித்தேன். பிரேக், டயர், இடம், நேரம், எல்லாம் நான்தான். சகலைக்கு இதில் ஒரு துளி பங்கு கிடையாது.

பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறவனுக்குத்தான் கல்லா என்றால், என்னைவிட அதிகமாக ஒத்துக்கொள்ள இந்த வீட்டில் யாரிடம் சரக்கு இருக்கிறது? மாமா நியாயஸ்தர். எடை போடத் தெரிந்தவர். சகலைமேலும் எனக்கு வருத்தம் இல்லை. கல்லாவில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவர் வண்டிக்கும் இதே பிரேக்கைப் போட்டுக் கொடுக்கப்போகிறேன். பிரித்து வாங்கினாலும் இரண்டாகக் கணக்கு வைத்துக் குறைப்பீர்களா என்று மெக்கானிக்கிடம் நேற்றே கேட்டுவிட்டேன்.

பையை எதற்கு எடுக்கிறீர்கள்? உட்காருங்கள் சார். எழுந்ததுதான் எழுந்தீர்கள், அந்த அறைக் கதவை மட்டும் நன்றாகத் திறந்துவிட்டு வாருங்கள். முதலிலிருந்து சொல்கிறேன், இந்த முறை கொஞ்சம் சத்தமாக.